மாமியின் பெயரில் ஒரு செற்றி

புருசெத், ஒஸ்லோ
06.02.2005

அன்புள்ள மாமிக்கு,

எங்கள் மூன்று பேரில் யாருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லை. ஆனாலும் சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. நேற்றுப் பின்னேரம் நீங்கள் தொலைபேசியை வைத்த பிறகு அம்மா சமைக்கவில்லை. அப்பா பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

நீங்கள் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனீர்கள். உங்கள் பெயரில் கட்டாத கடன் பதிவாகியிருக்கிறது என்று வங்கி மறுத்துவிட்டது. அது எங்கள் வரவேற்பறையில் நாங்கள் இருக்கும் நீள மெத்தைக் கதிரையின், அந்தச் செற்றியின் தவணைக்காசு. அம்மாவின் பதிலும் உங்களுக்குக் கேட்டிருக்கும். "நாங்கள் கட்டாமல் இருக்கிறமெண்டு சொல்லுறாளோ? அந்தத் தவணைப் புத்தகத்திலை உள்ள துண்டுகளைக் கிழிச்சுக் கிழிச்சு நான்தான் தபால் கந்தோரிலை கட்டினனான்."

அம்மா பொய் சொல்லவில்லை, மாமி. நீங்களும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதவே இந்தக் கடிதம். தொலைபேசி வரவேற்பறை நடுவில் இருக்கிறது. அதில் என்னால் சொல்ல முடியாது.

செற்றி வாங்கிய நாளில் நான்தான் கடையில் மொழிபெயர்த்தேன். போன வருடம் சனவரி மாதம். ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்து அறுபது குரோணர், இருபத்துநான்கு மாதத் தவணை, வட்டி இல்லை. அப்பாவின் பெயரைக் கடைக்காரர் கணினியில் அடித்துப் பார்த்துத் முடியாது என்று தலையாட்டினார், கட்டாத பழைய தொலைபேசிக் கட்டணம் ஒன்று இருந்தபடியால். அப்போது நீங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள், கடைக்கும் வந்திருந்தீர்கள். "என்ரை பெயரிலை எழுதட்டும், அண்ணா. பெயர் என்ன தேயவா போகுது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஓகஸ்டில் நீங்கள் பேர்கனுக்கு வேலை மாறிப் போனபோது, "எனக்கு வாற காயிதங்களை எடுத்து வை குஞ்சு, டிசம்பரிலை நத்தாருக்கு வந்து எடுக்கிறன்" என்றீர்கள். எடுத்து வைத்தேன். தபால் பெட்டியைத் திறக்கும் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. பதினொரு கடிதங்கள், வந்த திகதி ஒழுங்கில், என் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்றையும் திறக்கவில்லை. இன்னொருவரின் கடிதத்தைத் திறப்பது சட்டப்படி குற்றம் என்று எங்கள் சமூகக் கல்வி ஆசிரியை படிப்பித்திருக்கிறார். அதைப் பற்றி நான் ஒரு கட்டுரையும் எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். அப்பா அம்மாவுக்கு வரும் கடிதங்களை அவர்கள் சொல்லி நான் வாசிக்கிறேன். உங்களுடையதை வாசி என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று இரவு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் எட்டுக்கு அதே செற்றிக் கடையின் முத்திரை. கடைசியாக வந்த இரண்டும் கடன் வசூலிக்கும் அலுவலகத்திலிருந்து.

மற்றப்படி பனி நன்றாகக் கொட்டுகிறது. என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்
மயூரா


பேர்கன்
11.02.2005

என் அன்பு மயூரா,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். முதியோர் இல்லத்தில் என் முறைக்குப் பத்து நிமிடம் பிந்தியது. கோபம் வரவில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். வந்தது. பிறகு, நத்தாருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரட்டைச் சம்பளத்துக்காக இங்கேயே வேலை செய்தவள் யார் என்று யோசித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இங்கே ஓர் அறையில்தான் இருக்கிறேன். சொந்த வீடு கிடைத்த பிறகு பதிவை மாற்றலாம் என்று ஒஸ்லோ முகவரியையே விட்டுவைத்தேன். அதனால்தான் எல்லாக் கடிதமும் உன்னைத் தேடி வந்தன.

உன் சிறீஸ்கந்தராசா மாமா ஜூன் மாதம் வருகிறார். எங்கள் கலியாணம் முடிந்து ஏழு மாதம் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தவர். என் அறையை ஒரு பெண்ணுக்கு மட்டும் என்று சொல்லித்தான் தந்தார்கள். ஜூனுக்கு முன் வீடு கிடைக்காவிட்டால் அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? தொலைபேசியில் கத்தியது இந்தப் பயத்தில்தான். அதற்காக நான் சொன்ன சொல் சரியாகிவிடாது.

இப்போது நான் சொல்கிறேன்: எல்லாக் கடிதத்தையும் திற. வாசி. பிறகு அம்மாவிடம் நீயே சொல்லு. நான் எழுதியதாகச் சொல்லாதே.

அன்புடன்
சிவநாயகி மாமி


புருசெத்
18.02.2005

அன்புள்ள மாமிக்கு,

திறந்தேன். கடையின் ஒப்பந்தத்தையும் தேடி எடுத்து மூன்று பக்கமும் சிறிய எழுத்துவரை அகராதியோடு வாசித்தேன். கடையில் கையெழுத்து வைத்த அன்று செய்திருக்க வேண்டிய வேலை.

நடந்தது இதுதான். நீங்கள் பேர்கனுக்குப் போன பிறகு அம்மா மாதாமாதம் கட்டவில்லை. மூன்று துண்டுகளைச் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டியிருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு துண்டுகள் கட்டியாகிவிட்டன. ஆனால் பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் கடை தண்டம் போட்டது. அம்மா கட்டிய காசை முதலில் தண்டத்துக்கு எடுத்துக்கொண்டு, தவணை குறைகிறது என்று கடிதம் போட்டது. இரண்டு தவணை குறைந்தால் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தண்டமும் வசூல் செலவும் சேர்த்து இப்போது கேட்பது ஏழாயிரத்து நூற்றிருபது குரோணர்.

அம்மாவிடம் சமையலறையில் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

"சேர்த்துக் கட்டினால் அவங்களுக்கு நல்லதுதானே?"

"இல்லை அம்மா. ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதிக்கு முன்னம் கட்ட வேணும்."

"யோகாம்பாளின்ரை சீட்டுக்கு நான் ரெண்டு மாதம் பிந்திக் கட்டியிருக்கிறன். வாசலிலை நிண்டு ரெண்டு பேச்சுப் பேசுவா. பிறகு உள்ளை கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவா. மூண்டு மாதத்தைச் சேர்த்து முன்னுக்கு வைச்சால் பெரிய மனிசி எண்டுவா. இவங்கள் என்னெண்டால் காயிதம் எழுதுறாங்கள்."

"காயிதத்தை நான்தான் திறக்கேல்லை."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"உன்னைத் திறப்புக்காரி ஆக்கினது நாங்கள்தானே," என்றார். பிறகு, "அப்ப சிவநாயகி சொன்னது சரி. என்னைக் கள்ளி எண்டு சொல்லுறாள் எண்டு நினைச்சுப் போட்டன். அவளுக்குப் பெயர் கெட்டுப்போச்சு. என்ரை செற்றியாலை."

உங்களுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். "காசு கட்டாமல் நான் என்ன வாயாலை கதைக்கிறது?" என்றுவிட்டார்.

மயூரா


பேர்கன்
24.02.2005

மயூரா குஞ்சு,

நான் பார்த்து வைத்திருந்த இரண்டறை வீட்டை நேற்று வேறொருவர் வாங்கிவிட்டார். இதை அம்மாவிடம் சொல்லாதே. படுக்கையறையின் யன்னலுக்கு நேரே ஒரு மலை இருந்தது. சரி, பேர்கனில் எந்த யன்னலுக்கும் நேரே ஒரு மலை இருக்கும்.

காசை எப்படிப் புரட்டப் போகிறார்கள்? பொய் சொல்லாமல் எழுது.

மாமி


புருசெத்
08.03.2005

அன்புள்ள மாமிக்கு,

புரட்டியாகிவிட்டது. பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டில் அம்மா கேட்டு எடுத்துவிட்டார். அவசரத்துக்கு எடுப்பவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குறைத்துக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாயிரம் சீட்டில் ஆயிரத்து முந்நூறு போய்விட்டது. யோகாம்பாள் அன்ரி, "என்ன அவசரம் பிள்ளை, ஓகஸ்டிலை எடுத்தால் முழுசாய் வருமே" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அம்மா, "எனக்கு இப்பதான் வேணும்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சீட்டு அம்மா கார் ஓட்டப் பழக வைத்திருந்தது. வீதிச் சட்டப் புத்தகத்தை நான் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிற்கிறது.

நேற்று அம்மா வேலையில் லீவு எடுத்து, நானும் கடைசிப் பாடத்தை விட்டுவிட்டு, ரி-பான என்ற நிலத்தடி ரயிலில் நகரத்துக்குப் போனோம். வங்கியில் கட்டினாலே போதும் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கட்ட வேண்டுமாம்.

கடன் வசூலிக்கும் அலுவலகத்தில் ஓர் இளம் பெண் இருந்தார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "நீ பேசாதை" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் தானே பேசினார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"சிவநாயகி வாங்கேல்லை. நான் வாங்கினது. தப்பு நான்."

அந்தப் பெண், ஒப்பந்தத்தில் சிவநாயகி என்றுதான் இருக்கிறது என்றார்.

"தாளிலை அவ. செற்றியிலை நான். ஒவ்வொரு நாளும் நான் இருக்கிறன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பெயர்களை மாற்றி எழுத முடியாது, ஆனால் முழுவதும் கட்டினால் பதிவு நீக்கப்படும், இனி அதை யாரும் பார்க்க முடியாது என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அம்மா நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்கவில்லை. விளங்கிவிட்டது. காசை எண்ணி வைத்தார். கடன் முடிந்தது என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினார். அதை இத்துடன் அனுப்புகிறேன். வங்கியில் காட்டுங்கள்.

திரும்பி வரும்போது ரி-பானவில் அம்மா, "என்ரை பாஷை பிழையோ?" என்று கேட்டார். இலக்கணப்படி எட்டுப் பிழைகள். "இல்லை" என்றேன்.

மயூரா


பேர்கன்
17.04.2005

என் அன்பு மயூரா,

கடன் கிடைத்துவிட்டது. வீடும் கிடைத்துவிட்டது. முந்தியதைவிடச் சிறியது, மூன்றாம் மாடி, லிப்ற் இல்லை. மே மாதம் ஏழாம் திகதி சனிக்கிழமை குடிபூரல். மாமா வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே பாலைக் காய்ச்சிவிடப் போகிறேன். காலியான வீட்டுக்கு அவரைக் கூட்டிவர விருப்பமில்லை. நீங்கள் மூவரும் வர வேண்டும். அடுப்பை உன் அம்மா, என் மச்சாள்தான் மூட்ட வேண்டும். அவ வராவிட்டால் பால் பச்சையாகவே இருக்கட்டும்.

இனி எழுதப்போவது எனக்கு லேசாக வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

வங்கியில் கடன் பார்க்கும் மனிதர் உன் அம்மா வாங்கித் தந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்டார். சொன்னேன். "அண்ணன் திரும்பவும் கேட்டால் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடனுக்காகச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

உன் அப்பா என்னைத் தன் தோளில் சுமந்து படிப்பித்தவர். இந்த நாட்டுக்கு என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். ஆனால் இந்த மூன்று மாதமும், பெயர் இல்லாதவள் மாதிரி வங்கி வாசல்களில் நின்றேன். இனிமேல் என் பெயரை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன், அண்ணாவுக்கும்தான். குளிர்சாதனப் பெட்டிக்கும் இல்லை, காருக்கும் இல்லை. அவர் ஒரு நாள் வாய் திறந்து கேட்டு, நான் முடியாது என்று சொன்னால், இரண்டு பேரும் வெட்கப்பட்டு ஆளையாள் பார்க்காமல் இருந்துவிடுவோம். அதனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முழுவதும்.

அவர் வராமல் விட்டால் எனக்கு விளங்கும். ஆனால் வர வேண்டும்.

அன்புடன்
உன் மாமி
சிவநாயகி


புருசெத்
24.04.2005

அன்புள்ள மாமிக்கு,

இன்று ஞாயிறு. அப்பாவுக்கு வேலை இல்லை. செற்றியில் அப்பா ஒரு பக்கம், அம்மா மறுபக்கம். நான் நின்றுகொண்டு வாசித்தேன், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல.

வங்கி மனிதர் கேட்ட கேள்வி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த ஒரு பந்தியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாசி" என்றார். முழுவதும் வாசித்தேன். உங்கள் கையெழுத்துவரை.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"போன கிழமை," என்றார் அப்பா, "பழைய கார் ஒண்டு பாத்தனான். அவளிட்டைத்தான் கையெழுத்துக் கேக்கிறதெண்டு இருந்தனான்."

அம்மாவுக்கே அது தெரியாது.

"அவளுக்கு ரெலிபோன் எடுக்கேக்கை எல்லாம் நான் ஏதோ ஒண்டு கேக்கத்தான் எடுத்திருக்கிறன். முதல் மணி அடிக்கேக்கையே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்." எழுந்து யன்னலடிக்குப் போனார். அங்கே நின்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாமி. "நல்லது. இனி அவளின்ரை வீட்டுக்கு ஒண்டும் கேக்காமல் போகலாம்."

மே ஆறாம் திகதி காலை ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா இன்று பின்னேரமே தன் பெயரில், தானே நிலையத்துக்குப் போய் எடுத்தார்.

அன்புடன்
மயூரா