ஏழு நாட்டு ஊர்ப்படைக்குப் புதிய ஏவற்சொற்கள் வகுத்த ஓலை

நலமே விளைக. நீரும் நெல்லும் நிலைக்க. ஒல்லையாற்றின் தென்கரையில் ஏழு நாடுகள் ஒருமனப்பட்டுத் தமக்கெனத் தோற்றுவித்துக்கொண்ட தாழைநாட்டின் முதல் அரசியார், அலைவாய்க் கோட்டை உடைய நல்லினித் தேவியார், ஏழு நாட்டு ஊர்ப்படைத் தலைவர்களுக்கும் படைக்கலக் கொட்டில்களின் கண்காணிகளுக்கும் அறியச் சொல்லியது. உங்கள் ஏரிகள் கரை தொட்டு நிற்க. உங்கள் கன்றுகள் மாலைதோறும் தாயிடம் சேர்க. வேல் பிடிக்கப் பழகிய உங்கள் கைகள் மேழியை மறவாதிருக்க.

வடகரைப் பெருமதில் அரசிலிருந்து நாம் பிரிந்த நாளில் நமக்கென்று ஒரு படை இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்கு ஒருவர் வருக என்று அரசியார் ஆணையிட்டபோது வந்தவர்கள் உழவரும் வலைஞரும் பனையேறிகளும் தறிகாரருமே. இரும்பு போதாமையால் வேலின் முனைக்கு மட்டும் இரும்பும், காம்புக்குப் பனைவைரமும், கேடயத்துக்குப் பிரம்பின்மேல் இழுத்துத் தைத்த எருமைத்தோலும் கொண்டு, நாற்பதின்மருக்கு ஒரு குழுவாக, குழுவுக்கு ஒரு பறையும் ஒரு சமையற்காரரும் இரண்டு தோல் நீர்ப்பைகளுமாக இப்படை அமைக்கப்பட்டது. இவர்களை நிற்கவும் நடக்கவும் திரும்பவும் பழக்க ஏவலாசான் ஒருவன் வேண்டியிருந்தான். அதற்கென ஒல்லையாற்றுப் படகுத்துறையான நாவல்துறையில் அமர்த்தப்பட்டவன் எயினஞ் சேந்தன். இவ்வோலையின் பொருள் அவனைப் பற்றியது.

சேந்தன் பெருமதில் கோட்டைக் காவற்படையில் இருபத்தாறு ஆண்டுகள் ஏவல் கூவியவன். அவனுடன் ஏவல் கூவியவன் நன்னாகன். ஒரே களத்தின் இரு முனைகளில் இருவரும் நிற்பார்கள். ஒருவன் சொல் முடியுமிடத்தில் மற்றவன் சொல் தொடங்கும். ஒரே கலத்தில் உண்டார்கள், ஒரே கூரையில் உறங்கினார்கள். நன்னாகனுக்குத் தொண்டை கட்டும்போதெல்லாம் சேந்தன் சித்தரத்தையை நறுக்கி அவன் கையில் வைப்பானாம். நாடு பிரிந்தபோது படைவீரர் அவரவர் பிறந்த கரையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று. சேந்தன் பிறந்தது தென்கரை. நன்னாகன் பிறந்தது பெருமதில். பிரியும் காலையில் நன்னாகன் கொட்டில் வாயிலில் அமர்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே அவன் சொன்னதைச் சேந்தன் அரசியாரிடம் கூறியபடியே இங்கே எழுதுகிறோம்: "போறதுன்னா வெயில் ஏறுமுன்னே போயிடு. மணல் சுடும்." அவ்வளவே பேச்சு. சேந்தன் ஆற்றைக் கடந்தான்.

மாசித் திங்களில் நாவல்துறையில் பயிற்சி தொடங்கிற்று. சேந்தன் தான் அறிந்த பெருமதில் சொற்களையே நம் மக்களுக்கும் பழக்கினான். முன்செல்ல "முகங்கொள்", இடம் திரும்ப "இடந்திரி", ஊன்றி நிற்க "நிலைகொள்", பின்வாங்கப் "பின்னடி", அம்பு பாயும்போது கேடயத்தை மேலே போட்டுத் தரையில் கிடக்க "வீழ்". வேறு சொல் இருக்கக்கூடும் என்று அவன் எண்ணவே இல்லை, நாமும் எண்ணவில்லை.

மூன்றாம் நாட் காலையில் சேந்தன் "இடந்திரி" என்று கூவினான். நம்மவர் முந்நூற்றுவர் திரும்பினர். எதிர்க்கரையில் காவலுக்கு நின்ற பெருமதில் வீரர் அறுபதின்மரும் திரும்பினர். மழை ஓய்ந்து மெலிந்த ஆறு இருநூறு அடி அகலமே இருந்தது. இரு கரையும் சிரித்தது. அப்போது எதிர்க்கரையிலிருந்து "நிலைகொள்" என்று ஒரு குரல் எழுந்தது. இருபுறமும் படை அசையாது நின்றது. அது நன்னாகனின் குரல். அவனும் இத்துறைக்கு அனுப்பப்பட்டிருந்ததைச் சேந்தன் அக்கணத்தில்தான் அறிந்தான். தென்கரைக்கு வந்தபின் சேந்தன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று படைக்கலக் கண்காணி பொன்னாத்தி எழுதியிருக்கிறாள்.

அதன்பின் நாள்தோறும் அப்படியே நடந்தது. ஒருவன் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவன் கூவினான். பயிற்சிக் களத்தின் எல்லைக் கொடிகளைச் சேந்தன் ஒவ்வொரு நாளும் நீரருகே நாலைந்து அடி நகர்த்தி நட்டான். பொன்னாத்தி அதைக் கண்டு கேட்டபோது மேட்டு மணல் கால் புதைகிறது என்றான். ஈர மணலிலும் கால் புதைவதை அவள் அறிவாள். ஆயினும் அவன் முகத்தைப் பார்த்தபின் மேலே கேட்கவில்லை. அது தன் பிழையே என்று அவள் பின்னர் அரசியார் முன் ஒப்புக்கொண்டாள்.

வைகாசித் திங்கள் பதினோராம் நாள் நண்பகலில், நம்மவர் கூழுக்கு அமர்ந்த வேளை, பெருமதிலார் நம் படகுகளைக் கவர ஆறு கடந்தனர். முன்னே வேல்வீரர், அவர்களுக்குப் பின்னே குதிரைகள். நம்மவர் கலத்தை வைத்துவிட்டு வேலெடுத்து வரிசை நின்றது அரசியாருக்குப் பெருமையே. வரிசை நிலைத்த கணத்தில் ஆற்றின் நடுவிலிருந்து நன்னாகனின் குரல் எழுந்தது: "பின்னடி!" மூன்று திங்கள் அக்குரலுக்கும் சேர்த்துப் பழகிய கால்கள் வேறென்ன செய்யும்? முந்நூற்றுவரும் பின்வாங்கினர். "நிலைகொள்" என்று கூவியிருக்க வேண்டிய சேந்தனும் அவர்களோடு ஒன்பது அடி பின்வாங்கி, குதிகால் மணலில் பதிந்தபோதுதான் தன்னை உணர்ந்தான். அதற்குள் பதினான்கு படகுகளை அறுத்துக்கொண்டு பெருமதிலார் மீண்டுவிட்டனர். தன் படகை நோக்கி ஓடிய ஓடக்காரன் பொறையன் வேல்பட்டு இறந்தான்.

கால் முறிந்து சேற்றில் கிடந்த பெருமதில் வீரன் ஒருவன் பிடிபட்டான். அவனிடம் கேட்டறிந்தபோது அவன் சொன்னது: "வீழ்னு கூவத்தான் உத்தரவு, ஐயா. நீங்க எல்லாரும் தரையில கிடப்பீங்க, குதிரை மேல ஏறிப் போயிடலாம்னு ஏற்பாடு. அவரு பின்னடின்னுட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியாது." சேந்தன் அவனுக்குத் தன் கையால் நீர் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டான்: "குரல் எப்படி இருக்கு அவனுக்கு?" அதற்கு அவ்வீரன், "ரெண்டு மாசமா இருமல். மருந்து ஒண்ணும் எடுத்துக்கறதில்ல" என்றான்.

பத்து நாளில் ஒற்றர் செய்தி வந்தது. உத்தரவு மீறியதற்காக நன்னாகனின் பதவி பறிக்கப்பட்டு, அவன் ஒல்லையாறு பிறக்கும் வடமலைக் காவற்சாவடிக்கு விறகு வெட்ட அனுப்பப்பட்டான். அவ்விடம் இருபது நாள் நடை.

சேந்தன் தன் வேலினை அரசியார் திருமுன் வைத்து, தன்னைத் தண்டிக்க வேண்டும் என்றும், அன்றேல் பெயரற்ற வேல்வீரனாக வரிசையில் நிறுத்த வேண்டும் என்றும் வேண்டினான். அவையில் அவனை நீக்குக என்றோர் பலர். அப்போது இறந்த பொறையனின் மனைவி எழுந்து பேசினாள்: "என் வீட்டுக்காரரு படகைப் பார்த்து ஓடினாரு. மத்தவங்க பின்வாங்கினாங்க, பிழைச்சாங்க. இந்த ஆளை நீக்கினா எனக்கு என்ன வந்துடும்? ஊருக்கு நிக்கக் கத்துக்கொடுக்க ஆள் வேணும்." நீக்கச் சொன்னோர் தம் சொல்லை விட்டனர்.

எதிரி அறிந்த சொல்லால் நம் படையை ஏவலாகாது. புதிய சொற்கள் வேண்டும் என்று பொன்னாத்தி கூறினாள். அரசியார் அப்பணியைச் சேந்தனிடமே ஒப்படைத்தார். அவன் ஒரு திங்கள் முயன்றும் அவன் வாய்க்கு எதுவும் வரவில்லை. வாயைத் திறந்தால் பழைய சொல்லே முன்வந்து நின்றது. அதன் வாலைப் பிடித்தாற்போல அதற்கு மறுமொழி கூறும் குரலுக்காகச் செவியும் காத்து நின்றது. பிறகு அவன் எழுந்து, மக்கள் வேலை செய்யும் இடங்களுக்குப் போய் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தான். பனையேறுவோர் தமக்குள் சொல்லும் "ஏறு" என்பதை முன்செல்லவும், உழவர் சால் முடிவில் எருதைத் திருப்பும் "மடக்கு" என்பதைத் திரும்பவும், ஓடக்காரர் கழியை ஆழ்த்தி நிற்கும் "ஊன்று" என்பதை நிலைகொள்ளவும், தறிகாரர் பாவுநூலை விரிக்கும்போது கூறும் "பரத்து" என்பதைத் தரையில் கிடக்கவும் எடுத்துக்கொண்டான். இவற்றை எவருக்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நான்கே நாளில் படை பழகிற்று.

பின்வாங்குவதற்கு மட்டும் அவன் சொல் தேடவில்லை. படைக்கு அது வேண்டாமா என்று பொன்னாத்தி கேட்டாள். வேண்டும் என்றான், ஆனால் வேறெதையும் தன்னால் சொல்ல இயலவில்லை என்றான். பொறையனின் மனைவிதான் அச்சொல்லைக் கொடுத்தாள். வெள்ளம் மிகுந்தால் ஓடத்தைத் திருப்பச் சொல்லித் தன் கணவன் கூவும் சொல் "கரைவா" என்று அவள் கூறினாள். அச்சொல்லைச் சேந்தன் மெல்ல இருமுறை சொல்லிப் பார்த்தான். மறுநாள் களத்தில் நின்று உரக்கக் கூவினான். முந்நூற்றுவரும் சீராகப் பின்வாங்கினர். எதிர்க்கரையில் ஒருவரும் அசையவில்லை. அங்கே புதிய ஏவலாசான் வந்துவிட்டான். பெருமதிலாரும் அஞ்சித் தம் சொற்களை மாற்றிக்கொண்டுவிட்டனர். இருபத்தாறு ஆண்டுகள் இருவர் வாயில் வாழ்ந்த பழைய சொற்களை இன்று இரு கரையிலும் சொல்வார் இல்லை.

ஆதலின் ஆணை இது. மேற்கூறிய ஐந்து சொற்களே ஏழு நாட்டு ஊர்ப்படைக்கும் ஏவற்சொற்கள். பழைய பெருமதில் சொற்களைக் களத்தில் எவர் கூவினும் அவர் வேல் பறிக்கப்படும். எல்லைக் கொடிகள் நீரிலிருந்து நூறு அடி தள்ளி நடப்படுக. எயினஞ் சேந்தன் ஏழு நாட்டுக்கும் தலைமை ஏவலாசானாக நியமிக்கப்படுகிறான். அவன் வேல் அவனுக்கே திருப்பி அளிக்கப்படுகிறது.

இவ்வாணைக்கு ஒரு விலக்கு உண்டு. காலைப் பயிற்சி முடிந்து படை கலைந்தபின் சேந்தன் நாள்தோறும் துறையில் இறங்கி, முழங்காலளவு நீரில், ஆறு வரும் திசையை நோக்கி நின்று, பழைய சொற்களுள் ஒன்றை ஒருமுறை கூவிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கிறான் என்று கண்காணி எழுதியிருக்கிறாள். அவனை ஒருவரும் தடுக்கலாகாது, நகைக்கலாகாது, அவன் காத்திருக்கும் அந்நேரம் துறையில் பறை அடிக்கலாகாது. ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் மட்டும் இருவர் கரையில் நின்று அவனைப் பார்த்துக்கொள்க.

தாழைநாடு தோன்றிய இரண்டாம் ஆண்டு, ஆவணித் திங்கள் நான்காம் நாள், அரசியார் தாழம்பூ முத்திரை பொறித்து விடுத்தது. ஓலை கண்டார் நடத்துக. நடத்தியதை மறுஓலையில் எழுதுக.