பெட்டூனியாவுக்கு நடுவே மூன்று தளிர்

நெப்ராஸ்கா,
ஜூன் 14.

என் அன்பு மெர்லுக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் தம்பி ஜீனும் நலம்தானே? அவன் பண்ணையில் சோள விதைப்புக்கு ஒத்தாசை என்று கிளம்பிப் போனீர்கள். இங்கே சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அங்கே இன்னும் என்னத்தை விதைக்கிறீர்கள்?

வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மே மாத நினைவு நாளுக்குச் சொந்தபந்தமெல்லாம் கல்லறைக்குப் பூ வைக்க வருமே, வாசல் மொட்டையாக இருக்கக்கூடாதே என்று என் பட்டாம்பூச்சிச் செடியை வெட்டிப் போட்டுவிட்டுப் பெட்டூனியாப் பூச்செடிகளை நட்டீர்கள். கல்யாணமான வருஷம் ரயில் பாதை ஓரம் விதை பொறுக்கி வந்து நீங்களே போட்ட செடி அது! பனிக்காலம் முடிந்து மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் அது சோம்பல் முறித்து எழும். வருஷா வருஷம் பார்த்தும், பட்டுப்போனது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நான் கத்தினேன். “இனி இந்த வாசல்ல காலே வைக்கமாட்டேன்” என்று நீங்களும் வண்டியேறினீர்கள்.

இப்போது சேதியைக் கேளுங்கள். மழையைக் கண்டு நாளாகிவிட்டது. பெட்டூனியா எல்லாம் சுருண்டு போச்சு. நேற்று அவற்றைப் பிடுங்கப் போனால், நடுவே பச்சையாக மூன்று தளிர். உங்கள் மண்வெட்டி தலையைத்தான் வெட்டியிருக்கிறது. ஆள் ஆழத்துக்குப் போன வேர் அதற்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டு லவோன் வேலியோரம் வந்து பார்த்துவிட்டு, “அடியே ஆர்டித், உன் வீட்டுக்காரரு வெட்டினாலே இப்படித் துளிர்க்குதே! அவர என் ரோஜாவுக்கும் கொஞ்சம் அனுப்பேன்” என்றாள். சிரித்து முடித்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருஷம் பூக்காது. அடுத்த கோடையில் பாருங்கள், ஆரஞ்சுக் கொத்தாக நிற்கும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. புல்வெளியில் அதற்கு யார் குடம் குடமாக ஊற்றினார்கள்? இன்று காலை ஒரு மொனார்க் பட்டாம்பூச்சி வந்து, அந்தத் துளியூண்டு இலைக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போனது.

கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. நீங்கள் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை, மெர்ல். தோட்டத்து ருபார்ப் செடியின் புளிப்புத் தண்டு முற்றுவதற்குள் வந்தால், அதில் உங்களுக்குப் பிடித்த இனிப்பு செய்து தருவேன். முன்வாசல் வழியாகவே வாருங்கள், தாராளமாகக் கால் வைக்கலாம். மண்வெட்டியை மட்டும் லவோன் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

கத்தினாலும் உங்களுடைய,
ஆர்டித்