முருமுனா என்பது பெயரல்ல

மே 5, திங்கள்

அப்பாவின் சொந்த ஊரான ஹுயேவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அப்பாவின் தம்பியை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இத்தனை நாளும் அவராக என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தே பேசினேன். இன்று சாப்பாட்டில் துணிந்துவிட்டேன். “முருமுனா, உப்பு வேணும்.”

சித்தி அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். அவர்களின் ஆறு வயது மகள் இசாரோ பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள். “எங்கப்பா உனக்குத் தங்கச்சியா? அப்போ அவருக்கு ஒரு பாவாடை தைச்சுக் குடு!”

அது பெயரே இல்லையாம். ஆண் சொன்னால் தம்பி, பெண் சொன்னால் தங்கை.

எனக்கு எப்படித் தெரியும்? எல்லைக்கு அந்தப் பக்கம் ம்பராரா வீட்டில் நாங்கள் பேசியது ருன்யான்கோலே மொழிதான். அப்பாவின் மொழியான கின்யார்வாண்டா ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு மட்டும். தம்பியின் அழைப்பை அப்பா எடுத்ததுமே “முருமுனா வன்ஜேஏஏ!” என்று கடைசி எழுத்தை இழுத்துச் சிரிப்பார். பெயர் முருமுனா, குடும்பப் பெயர் வன்ஜே என்றே நினைத்திருந்தேன். வன்ஜே என்றால் ‘என்னுடைய’ என்று அர்த்தமாம்.

மே 6

நேற்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஏன்?

மே 11, ஞாயிறு

உறவுச் சொற்களுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன். ஆசிரியை இசாரோ. தப்பாகச் சொன்னால் காதைத் திருகுகிறாள்.

அப்பாவின் தம்பியை “தாதா வாச்சு” என்று கூப்பிட வேண்டுமாம். “நம் அப்பா” என்று அர்த்தம். நோட்டில் எழுதிவிட்டேன். வாயில் வரவில்லை. என் அப்பா இறந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் இன்னொருவரை எப்படி — முடியாது. இந்த நாட்குறிப்பிலும் அவர் “அப்பாவின் தம்பி”தான்.

ம்பராராவிலிருந்து மாமா பேசினார். அம்மா என் மூன்று வயதில் இறந்தபின் எனக்கு அம்மா வழியில் இருப்பவர் அவர் ஒருவர்தான். “லீவு விட்டதும் வர்றேன் கயிதேசி. அங்கேயே இருக்கியா, என்கூட வந்துடறியா, அப்போ சொல்லு. உன் புத்தகப் பெட்டி என்கிட்ட பத்திரமா இருக்கு.”

வந்துவிடுகிறேன் என்று அப்போதே சொல்லத் தோன்றியது. அந்தப் பெட்டியைத் திறந்தால் அப்பாவின் மேசை வாசனை வரும்.

மே 31, சனி

மாதக் கடைசி சனி, ஊரே சேர்ந்து பொதுவேலை செய்யும் நாள். தெருவே மண்வெட்டியோடு கால்வாய் வெட்டப் போனது. நானும் இசாரோவும் கை கோத்துக்கொண்டு கல் பொறுக்கினோம். பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள்: “இந்தக் குட்டி உனக்கு என்ன வேணும்?”

அகராதியில் ‘கசின்’ என்பதற்குப் பார்த்து வைத்திருந்ததைப் பெருமையாகச் சொன்னேன். “முபியாரா.”

மண்வெட்டிகள் நின்றன.

“அடி பெண்ணே! அது அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் சொல்றது. ஏன், உங்க ரெண்டு பேர் அப்பனும் அண்ணன் தம்பி இல்லையா?”

யாரோ சிரித்தார்கள். இசாரோ சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டாள்.

ஜூன் 2

“அம்மா, விருந்தாளிக்கு முதல்ல கஞ்சி ஊத்து” என்கிறாள் இசாரோ. மூன்று நாளாக நான் விருந்தாளி. பாடம் கிடையாது. காது திருகலும் கிடையாது. அதற்குப் போய் ஏங்குகிறேன்!

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவின் தம்பி காப்பி கழுவும் ஆலையிலிருந்து வந்ததும் பைபிளுக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். கோணல் நட்சத்திரம், பச்சை ஆடு. எட்டு வயதில் நான் வரைந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து! உறையில் என் கையெழுத்து: திரு. முருமுனா வன்ஜே, ஹுயே. அதை அப்பாவிடம் காட்டியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் எழுதியதைக் கோடு போட்டு அடிக்காமல், திருத்தாமல், கீழே சின்னதாகத் தம்பியின் நிஜப் பெயரை, “சிலிவெஸ்திரி” என்று மட்டும் எழுதியிருக்கிறார். அப்பாவின் ‘எஸ்’ எப்போதும் கொஞ்சம் குனிந்திருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணனைத் தவிர என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. அன்னைக்கு உன் வாயால கேட்டதும் சாப்பாடு இறங்கல” என்றார்.

“அப்போ... அப்படியே கூப்பிடட்டுமா?”

“வேணாம். தப்பு தப்புதான்.” அப்பாவைப் போலவே சிரித்தார். அப்பாவின் தம்பிதான். சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

மாமா வந்தார். சித்தி சந்தைக்குப் போயிருந்ததால் அப்பாவின் தம்பியே தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்தார். மாமா என் பக்கம் திரும்பி, “சொல்லும்மா, என்ன முடிவு பண்ணின?” என்றார்.

நேற்றிரவு வரை பதில் தயாராக வைத்திருந்தேன். என் நீலப் பையில் துணியைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

அப்போது வாசலில் இசாரோ. ஒரு காலில் மட்டும் செருப்பு. மாமாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. என் பையைப் பார்த்தாள்.

“இது யாரு?” என்றார் மாமா.

“முருமுனா வன்ஜேஏஏ.”

யோசித்துச் சொல்லவில்லை. அப்பா இழுப்பதைப் போலவே கடைசி எழுத்து தானாக நீண்டது. ஞாயிற்றுக்கிழமை போல இருந்தது. இசாரோ ஓடி வந்து என் காதைத் திருகினாள். “தப்பில்லை. ஆனாலும் திருகுவேன்.”

அடுப்பருகே அப்பாவின் தம்பி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கரண்டி அப்படியே இருந்தது. பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“தாதா வாச்சு, பால் பொங்குது!”

மாமா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. “பெட்டி கனமா இருக்கும். பஸ்ஸில போட்டு விடறேன்” என்றார்.

ஆகஸ்ட் 9

புத்தகப் பெட்டி வந்துவிட்டது. சித்தப்பா சுவரில் இரண்டு பலகை அடித்துக் கொடுத்தார். கீழ்ப் பலகை தனக்கு என்கிறாள் தங்கை. அவளிடம் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. சரி என்றேன்.