அம்மா காணாத மரண அறிவித்தல்

சிவமயம்

ஏழாலை,
மாசி 18.

அன்பு மகன் பார்த்தீபனுக்கு,

உடம்பளவில் நானும் அம்மாவும் சுகம், நீயும் வினோஜாவும் மெல்பேணில் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை. போன் எடுத்தேன், நம்பரை அமத்தாமலே வைத்துவிட்டேன், அதனால் எழுதிப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். பாரிசில் உன் மாமா சோமசேகரம் மோசம் போய்விட்டார், கண்மூடி இன்றோடு பத்தொன்பது நாள். நேற்றுச் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன இடத்தில் கந்தப்பு அண்ணை, "உன்ரை மச்சானின்ரை எட்டாம் நாள் செலவும் முடிஞ்சுதே" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அம்மா என்னை விரும்பிக் கட்டியதற்காக முப்பத்திரண்டு வருடம் எங்களோடு கதைக்காத மனிதர், அங்கிருந்து யார் எங்களுக்குப் போன் எடுப்பார்கள்? அம்மா விடியத் தேத்தண்ணியோடு ரப்பைத் திறந்து இணையத்தில் மரண அறிவித்தல் பார்ப்பது ஊர்ப் புதினத்துக்கு என்றே இருந்துவிட்டேன். அண்ணனின் படம் அதில் இல்லை என்று கண்டபிறகுதான் அவள் அடுப்படிக்குப் போவாளாம், நேற்றுத்தான் சொன்னாள்.

பொங்கல் முடிய, விளம்பரங்களைத் தடுக்க நீ அனுப்பிய பெட்டியை றவுட்டரில் கொழுவினோமே. தடைப் பட்டியல் ஒன்று போதும் என்றுதான் நீ சொன்னாய். அம்மா கண்டதையும் அமத்திவிடுகிறாள், நல்ல இறுக்கமாகப் போடு என்று நின்று எல்லாப் பட்டியலையும் சேர்த்தவன் நான். அந்த அறிவித்தல்களும் விளம்பரம் வருகிற வழியால்தான் வருகின்றன, பெட்டி அவற்றையும் மறித்துவிட்டது. நாலாம் நாள் அம்மா, "என்னப்பா, இப்ப ஒருத்தரும் சாகிறேல்லையே, அந்த இடம் வெறுமையாக் கிடக்கு" என்றாள். நல்லதுதானே என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க நெஞ்சு வெடிக்கிறது மகன். உன்னில் ஒரு பிழையும் இல்லை. செத்தவீட்டை நேரலையில் காட்டினார்களாம், கடைசி முகத்தையாவது பார்த்திருப்பாள்.

நேற்று வந்து பெட்டியைக் கழற்றிவிட்டு ரப்பை அவள் கையில் கொடுத்து உள்ளதைச் சொன்னேன். ஏசவில்லை. கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு இருந்து அறிவித்தலை எழுத்தெழுத்தாக வாசித்தாள். குணலட்சுமியின் பாசமிகு அண்ணனும் என்ற இடத்தில் நின்றாள், பிறகு, "உங்கடை பேரும் கிடக்கப்பா" என்று என்னிடம் நீட்டினாள். சீவரத்தினத்தின் அன்பு மைத்துனரும் என்று போட்டிருந்தார்கள். அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வினோஜாவை வேலை வேலை என்று அலையவிடாதே. இருவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க. முக்கியமாக ஒன்று, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்கு முதல் நீ பாரிசுக்குப் போன் எடுத்து மாமியிடம் சொல், நாங்கள் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கவில்லை என்று.

இப்படிக்கு,
உன் அப்பா
சீவரத்தினம்