இடது காலுக்கு வேலை

ஜனவரி 7

இந்த டயறிய என் பொஞ்சாதி ஜீவராணி குடுத்தது ஒவ்வொரு நாளும் ரத்தத்துல சீனி எவ்வளவுன்னு எழுதுறதுக்கு. கிளினிக்ல அப்படித்தான் சொன்னாங்களாம். இன்னைக்குப் பாக்கல. நாளைக்கும் பாக்க மாட்டேன். கராஜ்ல ரெண்டு கியர் பொக்ஸ் கழட்டிப் போட்டது போட்டபடி கெடக்கு, விரல்ல குத்திக் குத்தி ரத்தம் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல.

எழுத வேண்டிய கதை வேற. ஜீவாவோட தம்பி அஜந்தன் கார் எடுத்திருக்கான். ரத்தினபுரியில மாணிக்கக்கல் யாவாரம், நல்லாப் போகுது போல. சிவப்பு, ரெண்டு கதவு, தரையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஸ்போர்ட்ஸ் கார்னதும் நானும் ஆசையா ஓடிப்போய்க் குனிஞ்சு பாத்தேன். கிளட்ச் இல்ல! பெடல் ரெண்டே ரெண்டு. ஓட்டோ கியர்.

"ஸ்டியரிங்குக்குப் பின்னால பாருங்க அத்தான், ரெண்டு காது மாதிரி இருக்கில்ல? விரலால தட்டினா கியர் மாறும். தட்டாட்டியும் அதுவே மாத்திக்கும்"ங்கிறான்.

அப்ப நீ எதுக்குடா உள்ள உக்காந்திருக்க?

இடது காலுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா வச்சிருக்கலாம்"னான். சும்மா இருக்கிற கால் எதுக்கு, வெட்டி வீட்டுல வச்சிட்டுப் போன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஜீவா மட்டும் மொறைச்சா.

ஜனவரி 11

கராஜ்லருந்து நடந்து வந்தா, ஜீவா வாசல்ல நின்னு "ஒரு செருப்பு எங்க?"ங்கிறா. குனிஞ்சு பாக்கிறேன், இடது கால் வெறுங்கால். ரோட்டுல எங்கயோ கழண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியவேயில்ல.

"இது நல்லதுக்கில்லங்க. கிளினிக்குக்குப் போய்க் கால காட்டுங்க."

வார் தொளதொளன்னு போன செருப்பு கழண்டு விழாம என்ன செய்யும்? செருப்புக்கும் டொக்டரா?

ஜனவரி 15, பொங்கல்

வந்தான் அஜந்தன், சிவப்புக் காரோட. சாப்பிட்டுக் கை கழுவினதும் தொடங்கினான். ஏப்ரல் கடைசியில நடக்கிற மலையேற்றப் போட்டிக்கு அவனும் பேர் குடுத்துட்டானாம்.

எங்க மலையில! நான் பொறந்த தோட்டத்து ரோடு அது. மூணு கிலோமீட்டர், பதினாலு வளைவு, ஒன்பதாவது வளைவுக்குக் கீழ எங்க லயத்து வீடு. பழைய இரும்புக்குப் போக இருந்த முப்பது வருசத்து வெள்ளைக் கார வாங்கி, கியர் பொக்ஸ என் கையால கோத்து, கொழும்புலருந்து வந்த பெரிய வீட்டுப் பயலுங்க வாயப் பொளந்துகிட்டு நிக்க, போன வருசம் ரெண்டு நிமிசம் நாப்பத்தொரு செக்கன்ல ஏறினவன் நான். அந்த நேரத்த இன்னும் எவனும் தொடல. சசின்னு ஒருத்தன் இருக்கான்னு இந்த ஊருக்குத் தெரியிறது அந்த ஒண்ணாலதான். அத இவன்கிட்ட விட்டுக் குடுக்கிறதா?

"நீங்க ஒரு கியர் மாத்துறதுக்குள்ள என் கார் ரெண்டு மாத்திடும் அத்தான்."

உண்மைதான். இருபது வருசமா கியர் பொக்ஸோட கெடக்கிறவன், எனக்குத் தெரியாதா? அதனாலதான் பத்திக்கிட்டு வருது. வளைவுக்கு முன்னால ரெண்டாவதுக்கு எறக்கி, கிளட்ச மெல்ல விடும்போது கார் ஒரு பிடி பிடிக்கும் பாரு — அது செக்கன் கணக்கு இல்ல. அது நான் பிடிக்கிற பிடி. இத அவனுக்கு எப்படிச் சொல்றது? "ஓட்டிப் பாருடா"ன்னு வெள்ளைக் காரோட சாவியத் தூக்கிப் போட்டேன். கோயில் வரைக்கும் போய் வந்தான். மூணு தடவ நின்னு போச்சாம். வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

ஜனவரி 24

வெள்ளைக் கார் ஏத்தத்துல இழுக்கல. எஞ்சின் கத்துது, கார் நகரல, கருகின நாத்தம். கழட்டிப் பாத்தா கிளட்ச் பிளேட் எரிஞ்சு கறுத்துப் போய்க் கெடக்கு. மூணு மாசத்துக்கு முன்னால போட்ட பிளேட்!

இது எதனால எரியும்னு இந்தக் கொடகவெலயில என்னைவிடத் தெரிஞ்சவன் இல்ல. கிளட்ச் பெடல் மேலருந்து கால எடுக்காம ஓட்டினா எரியும். லேசா அமுங்கினாப் போதும், பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடாகிடும். கத்துக்குட்டிங்க வேலை. இதுக்காக எத்தன பேரத் திட்டி அனுப்பியிருப்பேன்.

கத்துக்குட்டி யாரு? பொங்கல் அன்னைக்கு ஓட்டினது யாரு?

ஜனவரி 27

ரத்தினபுரிக்குப் போனேன். கல்லு யாவாரிங்க ரோட்டோரமா நின்னு உள்ளங்கையில கல்ல உருட்டிப் பாத்துக்கிட்டு நிப்பாங்களே, அந்த எடத்துக்கே போனேன். அஜந்தன் ஒரு ஆளோட விலை பேசிக்கிட்டு நின்னான்.

"என் கிளட்ச எரிச்சது நீதானே?"

"இல்ல அத்தான். நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொரு தடவையும் கால எடுத்துட்டுத்தான் ஓட்டினேன். சத்தியமா."

"பொய்யன்! வாயத் தொறந்தாப் பொய்! பொய்ய வச்சுத்தானே யாவாரமே பண்ற!" தமிழ்ல ஒருக்கா, சிங்களத்துல ஒருக்கா. நல்லா விளங்கட்டும்னு.

அவனோட பேசிக்கிட்டு நின்ன ஆள் கையில இருந்த கல்லத் தாள்ல மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டு நடந்துட்டாரு. அஜந்தன் அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நின்னான். நல்லா வேணும்.

ஜனவரி 29

ஜீவா பேசுறதில்ல. சோத்தப் போட்டு மூடி வச்சிட்டுப் போயிடுறா. இன்னைக்கு மட்டும் ஒண்ணு சொன்னா: "அங்க எழுத்து ஒண்ணும் கெடையாது. வாய் வார்த்தையிலதான் கல்லு கைமாறுது. அந்த எடத்துல வச்சா என் தம்பியப் பொய்யன்னீங்க?"

வேற எந்த எடத்துல வச்சுச் சொல்றது? கோயில்லயா?

பெப்ரவரி 6

எம்பிலிப்பிட்டிய றஊப் நானாவோட கார்ச் சாமான் கடையிலருந்து புதுப் பிளேட் வந்து, போட்டாச்சு. சாவி என் சட்டைப் பையில. தூங்கும்போதும் பையிலதான். என்னைத் தவிர ஒருத்தன் அந்தக் கார்ல ஏறட்டும் பாப்போம்.

பெப்ரவரி 25

காருக்குக் கீழ படுத்து வேலை செஞ்சுக்கிட்டு இருந்தேன். எதோ கருகுற நாத்தம். வயர் எங்கயோ உரசுதுன்னு அஞ்சு நிமிசமாத் தேடினேன். பாத்தா என் கால். இப்பத்தான் ஓடி வந்து பக்கத்துல நின்ன வேனோட சைலன்சர்ல இடது பாதம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. தோல் உரிஞ்சு வந்திருச்சு.

வலிக்கல.

ஏன் வலிக்கல?

மார்ச் 2

ஜீவா இழுத்துக்கிட்டுப் போனா கிளினிக்குக்கு. புண்ணுக்கு மருந்து போடுறத விட்டுட்டு, நர்ஸ் நைலோன் நூல் மாதிரி ஒண்ண எடுத்துக்கிட்டு வந்தா. கண்ண மூடிக்கணுமாம், பாதத்துல தொட்டாத் தெரியுதான்னு சொல்லணுமாம். நான் என்ன மடையனா? மூடின மாதிரி மூடிக்கிட்டு, இடுக்குல அவ கையப் பாத்துக்கிட்டே இருந்தேன். கை கால்கிட்ட வரும்போதெல்லாம் "தெரியுது, தெரியுது"ன்னேன்.

நாலஞ்சு தடவ போச்சு. அப்புறம் சிங்களத்துல சொன்னா, "ஐயா, நான் இன்னும் ஒருக்கா கூடத் தொடல. பக்கத்துல கொண்டு வந்தேன், அவ்வளவுதான்."

ஜீவா தலையக் குனிஞ்சுக்கிட்டா. டொக்டர் சொன்னாரு, சீனியால நரம்பு போயிருக்காம். இடது பாதத்துல உணர்ச்சியே இல்ல, வலது கால் விரல்லயும் தொடங்கியிருக்காம். இப்போதைக்கு வண்டியே ஓட்டக் கூடாதாம். இவருக்கு என்ன தெரியும்? இவரா பதினாலு வளைவு ஏறினவர்? பெடல் எங்க இருக்குன்னு எனக்குப் பாதம் சொல்ல வேண்டியதில்ல. இருபது வருசப் பழக்கம்.

மார்ச் 10

பிளேட் மறுபடி வழுக்குது. அதே நாத்தம்.

றஊப் நானாவுக்கு போன் எடுத்துக் கிழிச்சேன். டூப்ளிகேட் சாமானக் குடுத்து ஏமாத்துறீங்களான்னு. மனுசன் கோவப்படல. "என்ட பிளேட்ல பிழ இல்ல தம்பி. நீங்க ஒழுங்கா ஓட்டினீங்கண்டு காட்டுங்க, நான் மாத்தித் தாரன்."

காட்டுறேன். காட்டி மூஞ்சியில அடிக்கிறேன்.

மார்ச் 12

என் கைபோன டேஷ்போர்டுக்குக் கீழ டேப் ஒட்டிக் கட்டினேன். கேமரா நேரா பெடலப் பாக்கிற மாதிரி. மலைக்குப் போய் அடியிலருந்து உச்சி வரைக்கும் ஓட்டினேன். உச்சியில நிப்பாட்டிட்டு, றஊப் நானாவுக்கு அனுப்பப் போறதுக்கு முன்னால வீடியோவ ஒருக்காப் பாத்தேன்.

கால் பெடல் மேல கெடக்கு. கியர் மாத்தும்போது அமுக்குது, சரி. மாத்தின பிறகு எடுக்கணும்ல? எடுக்கல. அப்படியே கெடக்கு. மூணாவது வளைவு, நாலாவது வளைவு, நேர் ரோடு — எடுக்கவேயில்ல. நான் எடுத்தேன்! எடுத்தேன்னுதான் நெனச்சுக்கிட்டு ஓட்டினேன். இது யாரோட கால்? என் சப்பாத்து, என் காற்சட்டை. பதினாலு வளைவும் பாத்தேன். பதினாலுலயும் அங்கதான் கெடந்திச்சு.

கராஜுக்குத் தள்ளிக்கிட்டு வந்து கழட்டினேன். எரிஞ்சிருந்திச்சு. இத அஜந்தன் தொடவேயில்ல.

அப்ப மொதப் பிளேட்டு?

மார்ச் 13

சீனி 312.

மார்ச் 17

ஜீவாகிட்ட போனக் குடுத்தேன். கடைசி வரைக்கும் பாத்தா. நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன், அவ திட்டல. அழவும் இல்ல. "தம்பிகிட்ட யாரு சொல்றது?"ன்னு மட்டும் கேட்டா.

போட்டிக்காரங்களுக்கு போன் எடுத்து என் பேர வெட்டச் சொல்லிட்டேன். காரணம் கேட்டான். உனக்கெதுக்குடான்னு வச்சிட்டேன். வெள்ளைக் காரோட பெட்டரியக் கழட்டியாச்சு.

மார்ச் 30

எரிஞ்ச பிளேட்ட ஷொப்பிங் பேக்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன். அதே எடம். அஜந்தன் தனியா ஒரு மூலையில நின்னான். என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால வச்சான். மறுபடி கத்தப் போறேன்னு நெனச்சிருப்பான்.

பிளேட்ட எடுத்து அவன் கையில குடுத்தேன். பாத்தா விளங்கிடும், நான் வாயத் தொறக்க வேண்டியதில்லன்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன். திருப்பித் திருப்பிப் பாக்கிறான். "இது என்ன அத்தான்?"

கிளட்ச் பிளேட்டையே அவன் கண்டதில்ல! ஓட்டோ கியர்க்காரன்கிட்டப் போய்... என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அதுக்குள்ள சுத்தி யாவாரிங்க கூடிட்டாங்க. ஒரு கெழவன் பழக்கத்துல டோர்ச்ச எடுத்து அதுமேல அடிச்சுப் பாக்கிறான், உள்ள எதும் கல்லு இருக்கான்னு!

சொல்ல வேண்டியதாப் போச்சு. "இது கிளட்ச் பிளேட். இத எரிச்சது நான். அன்னைக்கு எரிஞ்சதும் என்னாலதான். என் கால் எடுபடல. மச்சான் பொய் சொல்லல."

டோர்ச்சுக்காரக் கெழவன், "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க"ங்கிறான் சிங்களத்துல. சனியன். அன்னைக்குக் கத்தினதவிடச் சத்தமா சிங்களத்துலயும் சொன்னேன்.

அஜந்தன் பிளேட்டப் பிடிச்சுக்கிட்டே கேட்டான், "உங்க காலுக்கு என்ன அத்தான்?" அத நீ கேக்காதன்னு சொல்லிட்டு வந்து பஸ்ல உக்காந்தேன். பெல்மதுளை வரைக்கும் யாரையும் நிமுந்து பாக்கல.

ஏப்ரல் 3

சீனி 226.

ஏப்ரல் 14

புது வருசம். அஜந்தன் வரல. ஜீவா பலகாரத்தக் கட்டி அனுப்பினா. சீனி 190, அவ ஒரு பலகாரம் கூட எனக்குத் தரல.

ஏப்ரல் 27

சீனி 163.

காலையில ஹோர்ன் சத்தம். சிவப்புக் கார். எறங்கவேயில்ல, கண்ணாடிய எறக்கி, "நாளைக்குப் போட்டி. எனக்கு அந்த ரோடு தெரியாது. வந்து உக்காந்து சொல்லுங்க"ன்னான். கெஞ்சல் ஒண்ணும் இல்ல. கோவம் இன்னும் இருக்கு, இருக்கத்தானே வேணும். நான் போறதா இல்ல. ஜீவா என் சப்பாத்தக் கொண்டு வந்து முன்னால வச்சா.

நாலு தடவ ஏறினோம். இடது பக்கத்து சீட்ல உக்காந்து கத்திக்கிட்டே போனேன். "இப்ப எறக்கு! காதத் தட்டுடா, அது உன்னைக் கேக்காம மாத்தப் போகுது! ஒன்பதாவதுல வெளிய போகாத, கீழ வீடு இருக்கு!" அவனும் திருப்பிக் கத்தினான். கார் சரக்கு சரக்குன்னு கியர் மாத்திச்சு, ஒரு குலுக்கம் இல்ல. நல்ல சாமான்தான். அவன்கிட்டச் சொல்லல.

ஏப்ரல் 28

சீனி 148.

அஜந்தன் ரெண்டு நிமிசம் நாப்பத்தி நாலு. மூணு செக்கன் பிந்திட்டான்! போர்டுல நம்பரப் பாத்ததும் சத்தம் போட்டுச் சிரிச்சேன், பக்கத்துல நின்னவன் திரும்பிப் பாத்தான். மத்தவனுங்களும் ஒருத்தனும் என் நேரத்தத் தொடல. ஓட்டோவாம், காதாம். அடுத்த வருசம் தொட்டுடுவான்னு தெரியும். தொடட்டும், அப்ப பாத்துக்கலாம்.

வரும்போது என்னைக் கொண்டுவந்து வீட்டுல விட்டான். பாதி வழியில, "நேத்து நீங்க கத்தினது பாதி விளங்கல அத்தான். உங்க இடது காலப் பாத்துத்தான் ஓட்டினேன்"னான்.

எந்தக் கால்?

"இடது கால். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலயும் தரையில அமுக்கிச்சு. அந்த எடத்தெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு, அங்கங்க கியர எறக்கினேன்."

எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கால அசைச்சதாவே ஞாபகம் இல்ல. குனிஞ்சு கால ஒருக்காப் பாத்தேன். அப்புறம் கேட்டேன், அமுக்கின பிறகு எடுத்திச்சா?

"எடுத்திச்சே. அமுக்கினதும் எடுத்திச்சு. ஒவ்வொரு தடவையும்."

வீட்டுல சொன்னதும் ஜீவா கேட்டா, உங்களச் சந்தோசப்படுத்தச் சும்மா சொல்லியிருப்பானோன்னு. இல்லன்னு சொன்னேன். அவன் பொய் சொல்ற ஆள் இல்ல.