பெருக்காத வீட்டில் கிடைத்த ஜிப்

என் நோநோய் கண்ணு,

ஜித்தாவுல நீ நல்லா இருக்கணும்னு மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்திட்டு எழுதறேன். நாங்க இருக்கோம். அப்பா அடக்கத்துக்கு முதலாளி லீவு தரலைன்னு நீ அழுதது இன்னும் காதுலயே நிக்குது. உன்மேல யாருக்கும் வருத்தம் இல்லடா. இப்ப உன் தங்கச்சி மரிவிக் செஞ்சதைச் சொல்லணும். போன்ல லைவ் போட்டு பழைய ஜப்பான் பைங்க விக்கிறா இல்ல, அதுல ஒரு பைக்கு ஜிப்போட இழுப்பு பாதி உடைஞ்சிருந்தது. அதை லைவ்லயே காட்டித்தான் வித்தா. அப்பா அதைக் குறடால பிடுங்கிப் போட்டுட்டு தன் பழைய ஜாக்கெட்டோட பித்தளை இழுப்பை மாட்டிக் குடுத்தார், அதுதான் அவர் கடைசியா செஞ்ச வேலை. மணிலாக்காரி ஒருத்தி வாங்கினா, போலிப் பைன்னு புகார் குடுத்தா, நம்ம வழக்கப்படி அப்பாவை நாள்கணக்கா நடுவீட்டுல கிடத்தியிருக்கும்போதே பை திரும்பி வந்தது. பார்த்தா பித்தளையே இல்ல, உடையாத வெள்ளிக் கலர் இழுப்பு! நம்ம பையை வெச்சுக்கிட்டு வேற போலியை அனுப்பியிருக்கா. அவ லைவ் போட்டு விக்கிற அந்த ஆப் கம்பெனிக்காரனோ, நீங்க இழுப்பை மாத்தினதுக்கு என்ன சாட்சி, காட்டாட்டி உங்க போன் கடையை மூடுவோம்னுட்டான். அந்தக் கடைதானே இப்ப எங்களுக்குச் சோறு.

பிலார் அத்தை, பொணத்தை வெச்சுக்கிட்டு போனை நோண்டுறியேடின்னு ஏசினா. இவ சளைக்கல, அப்பா வேலையைப் பொய்யுன்னு சொல்றாங்க அத்தை, அப்பா முன்னாலயே நியாயம் கேக்கறேன்னா. சாவு வீட்டைப் பெருக்கக் கூடாதே, ராத்திரி பொணத்துக்குத் துணையா கண்முழிச்சுச் சீட்டாட வந்தவங்க தின்ன கடலைத்தோல் கணுக்கால் வரைக்கும் கிடந்தது. அதுல முட்டிபோட்டுத் தேடுனா பாரு! சீட்டாட்டக்காரங்க, என்னம்மா விட்ட காசைத் தேடறியான்னு கேலி பண்ணாங்க. சவப்பெட்டிக்குக் கீழ அப்பா பிடுங்கிப் போட்ட உடைஞ்ச இழுப்பு கிடைச்சது. அதை லைவ் படத்தோட பக்கத்துல வெச்சுப் படம் பிடிச்சு அனுப்பினா, உடைஞ்ச இடம் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தது. லைவ்ல காட்டின இழுப்பு நம்ம வீட்டுலயே இருக்குன்னா, உடையாத இழுப்போட வந்தது வேற பைதானே! கம்பெனிக்காரன் நம்ம பக்கம் தீர்ப்புச் சொல்லிட்டான், கடை நிலைச்சது. பிலார் அத்தையே இப்ப சந்தையில என் மருமக கெட்டிக்காரின்னு பீத்திக்கிறா.

வெயில்ல வேலை செய்யும்போது தலையில துணி போட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை பூசையை விட்டுடாத. கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும். தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை மெச்சிப் பேசு, உன் வாயால கேட்டா பூரிச்சுப் போவா. அவ முட்டிபோட்டுத் தேடினப்போ பெட்டிக் கண்ணாடிக்குள்ள அப்பா முகம் சிரிச்ச மாதிரியே இருந்ததுடா எனக்கு. மக ஜெயிச்சது அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்குமா?

உன் அம்மா,
ஃபெலிசித்தாஸ்