கூட்டாளி என்று கையெழுத்துப் போட்டவள்

மதினி,

இன்றைக்குக் காலையில் உன் கவாத்துக் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சீகை மரத்தின் கறை போகவில்லை. அந்தப் பட்டைச் சாறு பட்டால் இரும்பு மை மாதிரிக் கறுத்துவிடும் என்று உனக்குத் தெரியாததா. முகர்ந்து பார்த்தேன். அதே துவர்ப்பு வாடை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளைச் சேர்த்து முடிந்து, அதில் கிடத்தி உன்னைக் கீழே தூக்கி வந்தோமே, அதிலும் இந்த வாடைதான் அடித்தது, ரத்த வாடையைவிட அதிகமாக.

நமக்கு வயது ஒன்றுதான். சிலோனில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே கப்பலில் வந்து, இங்கே இந்த மலையில் ஒரே எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தோம். என் அண்ணனைக் கட்டியதால் நீ மதினி ஆனாய். அவன் செத்த பிறகும் மதினிதான். கொழுந்து விலை விழுந்து ஃபேக்டரிக் கதவைச் சாத்தியபோது கேத்திக்குக் கேரட் பிடுங்கப் போனோம். ஜீப்பை விட்டு இறங்கும்போதே தோட்டக்காரர், "சிலோன் கூலிங்க வந்தாச்சா?" என்பார். நீ பல்லைக் கடிப்பாய். "கடல் தாண்டி வந்தும் இந்தப் பேரு மட்டும் நனையாமக் கூடவே வந்திருக்கு பாரு" என்பாய்.

அப்போதுதான் ஃபாரஸ்ட்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரன் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்து மேல்காட்டில் மண்டிக் கிடக்கும் சீகையை வெட்டிவிட்டு, இந்த மலைக்கே உரிய சோலை மரம் நட வேண்டும், நம் மகளிர் குழுவோடு சேர்ந்து செய்யலாம் என்றார்கள். எப்படிச் சேர்வது என்பதற்கு இரண்டு பத்திரம். பள்ளிக்கூட வராந்தாவில் ரேஞ்சர் இரண்டையும் வாசித்துக் காட்டினார். ஒன்று கூலி ஒப்பந்தம். நாள் சம்பளம், மேலே ஒரு மேஸ்திரி, அடிபட்டால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று கூட்டு ஒப்பந்தம். சம்பளம் கிடையாது. விறகில் பங்கு, நடுகிற மரத்தின் காய் கனியில் பங்கு, எங்கே வெட்டுவது எங்கே நடுவது என்று பேச நமக்கும் ஒரு நாற்காலி. பாதுகாப்பு மட்டும் குழுவின் பொறுப்பு.

"ஏனுங்கம்மா, அடிகிடி பட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நல்லா யோசனை பண்ணிக்குங்க" என்று அவர் சொல்லத்தான் செய்தார்.

நீ சிரித்தாய். "நம்ம தலைய நாமளே பாத்துக்கணுமாம்டி. எஸ்டேட்டுல மட்டும் தொரை வந்து குடை பிடிச்சாரா?"

எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் கை தூக்கினோம். நீ முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டாய். பேனாவைத் திருப்பித் தராமல், "சார், இனிமே எங்கள என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டாய்.

"கூட்டாளின்னுதானுங்க" என்றார்.

வீடு வரைக்கும் என்னை "ஏ கூட்டாளி, ஏ கூட்டாளி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாய்.

அந்த வருஷ மழை முடியும்போதுதான் அது நடந்தது. சரிவில் சாய்ந்து நின்ற சீகை. பாதி வெட்டக்கூட இல்லை, ஈர மண்ணோடு வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. "தள்ளிப்போடி" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். உனக்குத் தள்ளிப்போக இடம் இல்லை.

உன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். புது ரேஞ்சர் வந்திருந்தார். "கூலியா இருந்தா எழுதி அனுப்பலாம். இவங்க பார்ட்னர். பார்ட்னருக்கு நாங்க நஷ்டஈடு குடுக்கணும்னா, நாளைக்கு எனக்கு அடிபட்டா நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வெளியே வரும்போது, "விறகுல அந்தம்மா பங்கு இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். உன்னைக் கொன்ற மரமும் அந்தப் பங்கில் கிடந்தது. உன் கருமாதிச் சமையலுக்கு அதைத்தான் எரித்தோம். பச்சை மரம். புகைதான் வந்தது.

குழுவில் இருப்பவர்களுக்கும் வாய் கூசவில்லை. "அவ பேச்சக் கேட்டுத்தான கையத் தூக்கினோம்" என்றார்கள். "உங்க கைய அவளா பிடிச்சுத் தூக்கினா?" என்று கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்தது. போன வாரம் மறுபடியும் அதே வராந்தா, அதே இரண்டு பத்திரம். உன் மகள்தான் முதலில் எழுந்தாள். கூலிப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கம்மா எதுக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா கூட்டாளியா செத்தாங்க அத்தை. கெடச்சது விறகு. நான் கூலியாவே சாகுறேன். பின்னாடி இருக்கிறவங்களுக்குச் சோறாவது கெடைக்கும்."

அவள் கண் கலங்கவில்லை. அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பேருக்குக் கீழே நானும் போட்டேன்.

நீ நட்ட நாவல் கன்று என் தோள் உயரம் வந்துவிட்டது மதினி. புதுப் பத்திரப்படி அதில் நமக்கு ஒரு காய்கூட இல்லை. இன்றைக்கு முதல் நாள் வேலை. மேஸ்திரி பேர் கூப்பிட்டார். தலையில் அடிபடாமலிருக்கக் கெட்டியான மஞ்சள் தொப்பி கொடுத்தார், உன் மகளுக்கும் ஒன்று. நம்பர் அடித்த கத்தியும் கொடுத்தார். "சொந்தக் கத்தி யாரும் கொண்டாரக் கூடாது" என்றார்.

சரி என்று வாங்கிக்கொண்டேன். உன் கத்தி என் படங்குக்குள் இருந்தது. அதை வெட்ட எடுக்கவில்லை. சரிவில் ஏறும்போதெல்லாம் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காட்டில் நம்முடையது என்று இன்றைக்கு இருப்பது அது ஒன்றுதான். அதையும் ஒளித்துத்தான் கொண்டுபோகிறேன்.